ஆற்றுக் கப்பலில் எங்கள் வயசுக்கு இடம் இருக்கா?

பாசலில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஏப்ரல் பிறந்தால் ரைன் கரையில் நீண்ட வெள்ளைக் கப்பல்கள் வந்து வரிசையாகக் கட்டி நிற்கும். காலையில் அதிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் நரைத்த தலைகள். காதில் சின்ன ஒலிக்கருவி, கையில் மடிக்கிற குடை, முன்னால் ஓர் எண் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி. கோடையில் அதே ஆற்றில் எங்கள் வயசுக்காரர் உடுப்பை மீன் வடிவப் பைக்குள் சுருட்டிப் போட்டு, அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நீரோடு மிதந்து போவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று கவனிப்பதில்லை.

போன வருடம் நான் அம்மாவோடும் பெரியம்மாவோடும் பாசலில் இருந்து கொலோன் வரை ஐந்து இரவு ஆற்றுக் கப்பலில் போனேன். எனக்கு 26 வயது. திரும்பி வந்ததும் மச்சாள் கேட்ட முதல் கேள்வி: "அது பென்சன் எடுத்த ஆக்களுக்குத்தானே? உனக்கு அங்க என்ன வேலை?" அதற்குப் பிறகு வேறு பலரும் இதையே வேறு விதமாகக் கேட்டார்கள். இளம் ஆட்கள் அங்கே பொருந்துவார்களா, போரடிக்காதா, எல்லாரும் பார்ப்பார்களா என்று.

என் பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். உங்களுக்கு அங்கே இடம் இருக்கா இல்லையா என்பதை உங்கள் வயசு தீர்மானிப்பதில்லை. நீங்கள் யாரோடு போகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. தனியாகவோ நண்பர்களோடோ போவதற்கு அது பொருத்தமான இடம் இல்லை. அம்மா அப்பாவோடு, அம்மம்மாவோடு போவதற்கு அதைவிட நல்ல பயணம் எனக்குத் தெரியாது. ஏன் என்று சொல்கிறேன்.

வயசுக் கணக்கு உண்மைதான்

ரைனிலும் டான்யூபிலும் ஓடுகிற கப்பல்களில் பெரும்பாலான பயணிகள் 55ஐத் தாண்டியவர்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருப்பவர்கள் சர்வசாதாரணம். எங்கள் கப்பலில் முப்பதுக்குக் கீழே இருந்த பயணி நான் ஒருத்திதான். வைகிங் நிறுவனம் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதே இல்லை. பிள்ளைகள் இல்லாத கப்பல் என்பதையே அவர்கள் விளம்பரமாகச் சொல்கிறார்கள்.

இதற்குக் காரணம் காசு மட்டும் என்று நினைக்காதீர்கள். காசும் ஒரு காரணம்தான். ஒரு வாரப் பயணத்துக்கு ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்கான ஃபிராங் போகும். விலை எல்லாம் ஒரு கபினில் இரண்டு பேர் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். தனியாகப் போனால் மேலதிகக் கட்டணம், சில நேரம் இரண்டு பேரின் காசையே ஒருவர் கட்ட வேண்டி வரும். படிக்கிற பிள்ளைக்கும் இப்போதுதான் வேலையில் சேர்ந்தவருக்கும் அது கட்டுப்படியாகாது.

ஆனால் இன்னொரு காரணம் ஆற்றிலேயே இருக்கிறது. பாசலில் இருந்து கீழே போகும்போது இஃபெட்ஸ்ஹைம் வரை பத்து இடங்களில் ஆற்றை மறித்து நீர்க்கதவுகள் கட்டியிருக்கிறார்கள். ஷ்லொய்சே என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கப்பல் ஒரு தொட்டிக்குள் நுழையும், கதவு மூடும், தண்ணீர் இறங்கும், கப்பலும் இறங்கும், முன்கதவு திறக்கும். மெயின் ஆற்றிலும், 1992இல் திறந்த மெயின்–டான்யூப் கால்வாயிலும் இந்தத் தொட்டிகள் 12 மீற்றர் அகலம்தான். அந்த வழியாலும் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் ஆற்றுக் கப்பல்களில் பெரும்பாலானவை 11.4 மீற்றர் அகலம், 135 மீற்றருக்குள் நீளம். பாலங்கள் தாழ்வாக இருப்பதால் உயரமாகவும் கட்ட முடியாது.

இப்படி ஒல்லியான, தட்டையான ஒரு கப்பலுக்குள் என்ன வைக்கலாம்? கபின்கள், ஒரு சாப்பாட்டு மண்டபம், எல்லாரும் இருக்கிற ஒரு பெரிய அறை, மேலே ஒரு வெயில் தளம். கடல் கப்பல்களில் இருக்கிற பெரிய நீச்சல் தடாகம், தியேட்டர், நடனக் கூடம், விளையாட்டுத் திடல் எதற்கும் இடம் கிடையாது. இரவு பதினொரு மணிக்குப் பாட்டைக் கூட்டி வைத்தால் பக்கத்துக் கபினில் நித்திரை கெடும். ஆகவே கப்பல் பத்து மணிக்கே அடங்கி விடும். வயசானவர்கள் வந்ததால் கப்பல் அமைதியானது என்று நாங்கள் நினைக்கிறோம். பாதி உண்மை அது. மற்றப் பாதி, ஆறு கப்பலைச் சின்னதாக்கியது, சின்னக் கப்பல் அமைதியானது, அந்த அமைதி பிடித்தவர்கள் வந்தார்கள்.

இளம் ஆட்களுக்காகச் செய்து பார்த்தவர்கள்

இதை மாற்ற நிறுவனங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. 2018இல் யூனிவேர்ல்ட் நிறுவனம் 'யூ' என்ற பெயரில் இரண்டு கப்பல்களைக் கறுப்பு நிறம் அடித்து விட்டது. 21 முதல் 45 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். ஆனால் அதே வருடத்திலேயே அந்த மேல் வயது எல்லையை எடுத்து விட்டார்கள்.

அந்தக் கதையை வாசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு கப்பலுக்குக் கறுப்பு நிறம் அடித்து, டீஜே ஒருவரை ஏற்றினால் அது 25 வயசுக்காரரின் பயணமாகி விடாது. 25 வயசில் எங்களுக்கு இருக்கிற லீவு குறைவு, காசு குறைவு. இரண்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் தேடுவது, நினைத்த நேரம் நினைத்த இடத்தில் இறங்குகிற சுதந்திரம். கப்பலோ காலையில் இந்த ஊர், மதியம் சாப்பாடு, நான்கு மணிக்குப் புறப்பாடு என்று ஒரு பள்ளிக்கூட நேரசூசி மாதிரி ஓடும். பிந்தினால் விட்டுவிட்டுப் போய்விடும்.

குடும்பங்களைக் குறிவைத்தவர்களின் வழி வேறு. 2016இல் டிஸ்னியின் சுற்றுலாப் பிரிவு, அமாவாட்டர்வேஸ் கப்பலில் டான்யூப் ஆற்றில் குடும்பப் பயணங்களைத் தொடங்கியது. ஜேர்மனியின் அ-ரோசா நிறுவனம் 2022இல் 'சேனா' என்ற கப்பலை ரைனில் விட்டது. அதன் அகலம் 17.7 மீற்றர். குறுகிய நீர்க்கதவுகளுக்குள் அது நுழைய முடியாது. ஆகவே கொலோனில் இருந்து நெதர்லாந்துப் பக்கம் ஓடுகிறது. அகலம் கூடியதால் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடமும், குடும்பமாகத் தங்கும் கபின்களும் வைக்க முடிந்தது. இவர்கள் வயசைப் பிரித்துப் பார்க்காமல், அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே கப்பலில் எப்படி நாளைக் கழிப்பது என்று யோசித்தார்கள். எனக்கு இதுதான் சரியான கேள்வியாகப் படுகிறது.

எங்களுக்கு வயசானவர்கள் புதிதா?

நேர்மையாகச் சொல்லுங்கள். வயசானவர்கள் நிறைந்த அறைக்குள் இருப்பது எங்களுக்குத் தெரியாத விஷயமா? கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா என்று நாங்கள் வளர்ந்ததே மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கிற மண்டபங்களில்தான். தெரியாத மாமி ஒருவர் பக்கத்தில் வந்திருந்து "என்ன படிக்கிறீங்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஏழு வயசிலேயே பழகி விட்டோம். எங்களோடு படித்த சுவிஸ் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அந்தப் பழக்கம் கப்பலில் உதவியது. சாப்பாட்டு மேசை ஆறு பேருக்கு. எங்களோடு இருந்தது ஒரு ஜேர்மன் சோடி, ஓய்வு பெற்ற ஒரு டச்சு ஆசிரியை. முதல் இரவு வானிலையைப் பற்றிக் கதைத்தோம். மூன்றாம் இரவு அந்த ஆசிரியை தன் கணவர் இறந்த பிறகு இதுதான் முதல் பயணம் என்று சொன்னார். பெரியம்மாவுக்கு ஜேர்மன் மொழி அவ்வளவு ஓடாது. ஆனால் அவரும் கணவரை இழந்தவர். நான் நடுவில் இருந்து மொழி மாற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் உதவி தேவைப்படவில்லை.

ஆகவே வயசு இடைவெளி என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தொந்தரவு செய்தது வேறொன்று. இதைப் பற்றிப் பயணக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை.

கப்பலில் இளம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பயணிகள் இல்லை, வேலை செய்கிறவர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ருமேனியா, ஹங்கேரி என்று பல நாட்டுப் பிள்ளைகள். தட்டுத் தூக்குகிறவர், கபின் துப்புரவு செய்கிறவர், கயிறு கட்டுகிறவர் எல்லாம் எங்கள் வயசுதான். ஆகவே நரைத்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் மண்ணிறத் தோலோடு ஒரு இளம் பெண் நின்றால், பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இரண்டாம் நாள் காலை கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு பெரியவர் வந்து தன் கபினில் விளக்கு எரியவில்லை, ஆளை அனுப்பச் சொன்னார். நானும் பயணிதான் என்றேன். அவர் முகம் சிவந்து, இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான். பிறகு கண்ட நேரமெல்லாம் எழும்பி வணக்கம் சொன்னார், அது இன்னும் சங்கடமாக இருந்தது.

கபினுக்குப் போய் எரிச்சலோடு சொன்னேன். பெரியம்மா சொன்னார்: "வேலை செய்யிற பிள்ளை எண்டு நினைச்சவர். அதில என்ன குறைச்சல்? நாங்கள் அதுதானே செய்தனாங்கள்." பெரியம்மா இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஹொட்டலில் அறை துப்புரவு செய்தவர். கப்பலில் ஐந்து நாளும், துப்புரவு செய்கிற பிள்ளை வருவதற்கு முன்பே தன் கட்டிலைத் தானே விரித்து, தலையணையைத் தட்டி, துவாயை மடித்து வைத்து விடுவார். "பெரியம்மா, காசு கட்டித்தானே வந்தனாங்கள்" என்றேன். "அந்தப் பிள்ளைக்கு எத்தனை அறை எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

பொருந்துவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஒரு கப்பலைக் கட்டும்போது யாரை மனதில் வைத்துக் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. என்னை வைத்துக் கட்டவில்லை, சரி. ஆனால் வயசுக் கணக்கில் சரியாகப் பொருந்த வேண்டிய என் பெரியம்மாவையும் வைத்துக் கட்டவில்லை. அவருக்கு 67 வயது. அந்தக் கப்பலில் அவர் வயசில் நிறையப் பேர். ஆனாலும் மேல் தளத்தில் சாய்நாற்காலியில் சாய்ந்திருக்க அவருக்கு மூன்று நாள் எடுத்தது. முதல் இரண்டு நாளும் நுனியில்தான் இருந்தார், யாரோ எழுப்பி விடுவார்கள் என்கிற மாதிரி.

ஆகவே யார் போகலாம்?

உங்களுக்கு 22 வயது, ரைனைப் பார்க்க ஆசை, கையில் காசு கொஞ்சம் என்றால் ஆற்றுக் கப்பலில் பதிவு செய்யாதீர்கள். அதே ஆறு உங்களுக்கு வேறு விதமாகக் கிடைக்கும். பிங்கன், ரூடெஸ்ஹைம் பக்கத்தில் இருந்து கொப்லென்ஸ் வரை உள்ள 65 கிலோமீற்றர்தான் மலையும் கோட்டையும் நிறைந்த பகுதி. 2002இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆற்றின் இரண்டு கரையிலும் ரயில் ஓடுகிறது. 27 வயது வரை இளையோர் விலையில் இன்ரரெயில் அட்டை வாங்கலாம். 1826இல் தொடங்கிய கொலோன்–டுசல்டோர்ஃப் நிறுவனத்தின் பகல் கப்பலில் சில மணி நேரம் மட்டும் ஏறி, பிடித்த ஊரில் இறங்கலாம். பகராக் ஊருக்கு மேலே இருக்கிற ஸ்டாலெக் கோட்டை இப்போது இளையோர் விடுதி. கோட்டைக்குள் நித்திரை கொண்டு எழும்பி ஆற்றைப் பார்க்கலாம். சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு அந்தர்மாட்டில் தொடங்கி நெதர்லாந்துக் கடற்கரை வரை ரைன் சைக்கிள் பாதை இருக்கிறது. அது பாசல் ஊடாகத்தான் போகிறது.

ஆனால் உங்கள் வீட்டில் முழங்கால் நோவு தொடங்கிய ஒருவர் இருந்தால், கணக்கு மாறும். ரயிலில் ஊர் ஊராக இறங்கி ஏற அவர்களால் ஏலாது. ஒவ்வொரு இரவும் பெட்டியை மூட்டை கட்ட ஏலாது. கப்பலில் பெட்டியை ஒரு தரம் திறந்தால் போதும். ஊர்தான் நகர்ந்து கபின் கண்ணாடிக்கு வரும். லோரெலாய் பாறையையும், காவுப் ஊருக்கு முன்னால் ஆற்றின் நடுவில் நிற்கிற கோட்டையையும் அம்மா இருந்த இடத்திலேயே பார்த்தார். மதியம் அவர்கள் கொஞ்சம் படுத்தபோது நான் இறங்கி ஓடிப் போய் ஊரைச் சுற்றி விட்டு வந்தேன். எனக்கும் போரடிக்கவில்லை, அவர்களுக்கும் களைக்கவில்லை.

போக நினைத்தால் சில விஷயங்களைப் பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள். லிஃப்ட் மேல் தளம் வரை போகுமா? பல கப்பல்களில் போகாது. துறையில் கப்பல்களை அருகருகே கட்டுவார்கள். அப்போது ஒரு கப்பலுக்குள்ளால் நடந்து அடுத்ததற்குப் போக வேண்டி வரும், படியும் இருக்கலாம். ஊர் சுற்றலில் மெதுவாக நடக்கிறவர்களுக்குத் தனிக் குழு இருக்கிறதா? மரக்கறிச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? ஆற்றில் தண்ணீர் வற்றினால் என்ன செய்வார்கள்? 2018இலும் 2022இலும் ரைன் அப்படி வற்றியது. அந்த மாதிரி நேரத்தில் பயணத்தின் ஒரு பகுதி பஸ்ஸில்தான் போகும். விலை ஏறினால் ஒரு வாரம் எடுக்காதீர்கள், மூன்று நான்கு இரவுப் பயணங்களும் இருக்கின்றன. வசந்தத் தொடக்கத்திலும் இலையுதிர் காலத்து முடிவிலும் விலை இறங்கும்.

கடைசியாக ஒன்று. 1980களில் இருபது, முப்பது வயசில் சுவிசுக்கு வந்த எங்கள் ஆட்கள் இப்போது பென்சன் வயதில் நிற்கிறார்கள். இவர்களுக்கு லீவு என்றால் ஊருக்குப் போவது, அல்லது லண்டனிலோ கனடாவிலோ ஒரு கலியாண வீடு. சும்மா இருந்து ஆற்றைப் பார்ப்பதற்குக் காசு கொடுப்பது அவர்கள் கணக்கில் வராது. "எங்களுக்கு எதுக்கு உந்த ஆடம்பரம்" என்பார்கள். அந்தக் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றுகிற விளம்பரங்களும் இவர்களைப் பார்த்துப் பேசுவதில்லை. யாராவது ஒருவர் பதிவு செய்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனால்தான் அது நடக்கும். அந்த ஒருவர் நாங்கள்தான்.

இளம் ஆட்கள் ஆற்றுக் கப்பலில் பொருந்துவார்களா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பொருந்துவீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போனால். அவருக்கு முழங்கால் இன்னும் கொஞ்சம் ஒத்துழைக்கிற வருடத்திலேயே போங்கள். அம்மாவிடம் இந்த வருடத்து லீவு எப்போது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.